மதுரை வட்டாரத்தில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பணியாற்ற விரும்புவோருக்கு

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3-ஆம் நாள், அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று, மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் மதிய உணவு வழங்குவார்கள். சேலையும் போர்வையும் கொடுப்பார்கள். மேடையில் வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். கொடுப்பவர்களின் நல்ல மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று மேடைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர், மறுநாள் ரேஷன் கடைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் எப்படிப் போய் வருகிறார் என்று கேட்பதற்கு அங்கே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். பெரிய அமைப்பும் பணமும் இல்லாமல், சொந்த ஊரில் சொந்தத் தெருவில் என்ன செய்யலாம், எதை முதலில் செய்யலாம், எந்த இடத்தில் வேலை சறுக்கும் என்பதையெல்லாம், மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மனு எழுதியும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும் நான் கற்றுக்கொண்ட அளவில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் கேட்பது சலுகை என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்டதன் விளைவாக வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைப் பாதிப்புகளே இருந்தன. புதிய சட்டத்தில் 21 இருக்கின்றன. ஒருவருக்கு உடலிலோ மனத்திலோ இருக்கும் பாதிப்பும், அவரைச் சுற்றி நாம் எழுப்பி வைத்திருக்கும் தடைகளும் சேர்ந்துதான் அவரைப் பொதுவாழ்விலிருந்து விலக்குகின்றன என்று இந்தச் சட்டம் பார்க்கிறது. ஆகவே நீங்கள் செய்யப்போகும் வேலை, அந்த மனிதரைத் திருத்துவதாக இருக்க முடியாது. வாசற்படியையும், விண்ணப்பப் படிவத்தையும், வகுப்பறையையும், ஊர்க் கூட்டத்தையும் திருத்துவதுதான் வேலை.

யார் முன்னால் நிற்பது?

ஊரில் நாலு நல்லவர்கள் சேர்ந்து, மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு குழு அமைத்து, அவர்களுக்கு என்ன தேவை என்று தாங்களே முடிவுசெய்து, தாங்களே மனுவும் கொடுத்துவிட்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டு வாங்கிய பொருள் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. மூன்று சக்கர சைக்கிளைக் கையால் சுற்றுவதற்குத் தோளில் வலுவில்லாதவருக்கு அதையே வாங்கிக் கொடுத்தால் வேறு என்ன ஆகும்? குழுவின் தலைவரும் செயலாளரும் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்கட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பேசுவது நமக்குப் புரியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, அதன்பிறகும் தேவைப்பட்டால் மட்டும் அவர்களுக்காகப் பெற்றோர் பேசட்டும். மற்றவர்கள் கூட நின்றால் போதும்.

அவர்களால் நடத்த முடியுமா என்று ஊரில் யாராவது கேட்டால், மதுரையிலேயே பதில் இருக்கிறது. சுந்தரராசன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை 1985-இல் தொடங்கி நடத்தியவர், பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா. பார்வையற்றவர்களுக்கு எது தேவை என்பதை அவருக்கு இன்னொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீடு வீடாகப் போவது

அடுத்தது கணக்கெடுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணி ஐந்தோ ஆறோ சொல்வார்கள். வீடு வீடாகப் போனால் அந்த எண்ணிக்கை நிச்சயம் ஏறும். ஏனென்றால் கால் நடக்க முடியாதவரையும் கண் தெரியாதவரையும் ஊர் அறியும். காது மந்தமான பாட்டியையும், பத்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பையனையும், தசைச்சிதைவு நோயால் அடிக்கடி விழும் சிறுவனையும், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் மருமகளையும், தொழுநோயிலிருந்து குணமடைந்த முதியவரையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இவர்கள் எல்லோரும் அந்த 21 வகைக்குள் வருகிறவர்கள். இரத்தம் உறையாமை, தாலசீமியா, அரிவாள் உயிரணுச் சோகை, குள்ளத்தன்மை, அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர், ஆட்டிசம் ஆகியவையும் சட்டத்தில் உண்டு.

கணக்கெடுக்கப் போகும்போது அங்கன்வாடிப் பணியாளரையோ, மகளிர் சுயஉதவிக் குழுவில் நம்பிக்கை பெற்ற ஒரு அக்காவையோ கூட்டிச் செல்லுங்கள். அறிமுகமில்லாத ஆண்கள் நாலு பேர் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றால், வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை யாரும் வெளியே கூப்பிட மாட்டார்கள். "உங்க வீட்டுல ஊனமுற்றவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்ற பதில்தான் வரும். நடக்க, பார்க்க, கேட்க, பேச, படிக்க, தன் வேலையைத் தானே செய்துகொள்ள யாருக்காவது சிரமம் இருக்கிறதா என்று கேட்டால் விவரம் தானாக வரும். ஒரு வீட்டில் தாய் ஒருவர் என்னிடம், "தம்பி, இவளை நாலு பேரு மத்தியில கூட்டிட்டு வந்தா, இவ தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளை வருமாய்யா?" என்று கேட்டார். அந்தப் பயம் உண்மையானது. அதை எதிர்த்து வாதாடி வெல்ல முடியாது. மூன்றாவது முறை போனபோதுதான் அந்தப் பெண் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். எழுதிய பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்த நோட்டு செயலாளரின் கையிலேயே இருக்கட்டும்.

அட்டையும் சான்றும்

உரிமைகள் பலவற்றுக்கு வாசல், மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கே வேலைவாய்ப்பு, உயர்கல்வி இட ஒதுக்கீடுகளும் பெரும்பாலான உதவித்தொகைகளும் கிடைக்கும். நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டையை யுடிஐடி என்பார்கள். 40 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அட்டையில் வெள்ளைப் பட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, புகைப்படங்கள், இருக்கும் மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒரே உறையில் வைத்துக் கொடுங்கள். இணையத்தில் விண்ணப்பிக்க இ-சேவை மையம் போதும். ஆனால் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சான்று தருவார். அதற்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, அறிவிக்கப்படும் சிறப்பு முகாமுக்கோ போக வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கைவிட்டுவிடுவது இந்த இடத்தில்தான். கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்தோ பேரையூர்ப் பக்கத்திலிருந்தோ, நடக்க முடியாத ஒருவரை ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வேன் பிடித்துக் கூட்டிவந்து, அன்று காது மருத்துவர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லப்பட்டால், அந்தக் குடும்பம் இரண்டாவது முறை வராது. ஆகவே உங்கள் குழு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, முன்கூட்டியே போய் எந்தத் துறை மருத்துவர் எந்த நாளில் சான்று பார்க்கிறார் என்று கேட்டுவைப்பதும், ஒரே வகைப் பாதிப்பு உள்ள ஐந்தாறு பேரைச் சேர்த்து ஒரே வண்டியில் அழைத்துச் செல்வதும்தான். ஒன்றியத்தில் பத்துப் பதினைந்து பேர் சான்றுக்குக் காத்திருந்தால், உங்கள் பகுதியிலேயே முகாம் நடத்தச் சொல்லி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குப் பெயர்ப்பட்டியலோடு மனுக் கொடுங்கள். பட்டியலோடு போகும் மனுவுக்குத் தனி மதிப்பு உண்டு.

40 விழுக்காட்டுக்குக் குறைவாக வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வர், தேர்வில் உதவி எழுத்தரைக் கேட்டுத் தொடர்ந்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 என்ற வரம்பு. ஒருவர் மற்றவரோடு சமமாகப் பங்கேற்கத் தேவையான நியாயமான ஏற்பாடுகளைக் கேட்பதற்கு அந்த வரம்பு கிடையாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இதைப் பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் தேர்வு மைய அலுவலர்களிடமும் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது, சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

உதவித்தொகையில் ஒரு குழப்பம் உண்டு. வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் தாலுகா அலுவலகத்தின் வழியாக வருவது. அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு போன்றவற்றுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் வழியாக வருவது. அது மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எது பொருந்தும் என்று தெரியாமல் ஒரு அலுவலகத்துக்குரிய விண்ணப்பத்தை இன்னொன்றில் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் எந்தத் துறைக்கு என்பதை உறையின் மேலேயே எழுதுங்கள்.

சாய்தளம் என்பது ஒரு கணக்கு

கட்டடங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல மனத்தோடு செய்தும் கெட்டுப்போகும் வேலை இதைப்போல் இன்னொன்று இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று படிகளின் ஓரத்தில் சிமெண்டால் ஒரு சரிவு பூசி, சாய்தளம் கட்டியாயிற்று என்று பலகையும் வைத்திருந்தார்கள். அதில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. இறங்கும்போது பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. அங்கே சாய்தளம் இல்லாமல் இருந்திருந்தால்கூட, இல்லை என்று மனுவாவது கொடுத்திருக்கலாம்.

விதி எளியது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். நம் கொத்தனாரிடம் சொல்வதானால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றிருந்தால் ஆறடி நீளச் சாய்தளம். அப்படி மூன்று படிகள் இருந்தால் பதினெட்டு அடி. அவ்வளவு நீளம் நேராகப் போட இடமில்லையென்றால், நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். அகலம் குறைந்தது நான்கடி இருக்கட்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சிறிய மேடு வேண்டும். தளம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். மேலேயும் கீழேயும் நாற்காலி திரும்ப ஐந்தடிச் சதுரம் வெற்றிடமாக இருக்க வேண்டும். கதவின் திறப்பு மூன்றடி. பளபளக்கும் டைல்ஸ் மழைநாளில் ஊன்றுகோல் வைத்து நடப்பவரைக் கீழே தள்ளிவிடும். சாய்தளத்தில் அதை ஒட்ட விடாதீர்கள்.

கழிப்பறையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாய்தளம் ஏறி அலுவலகத்துக்குள் போன ஒரு பெண், அங்கே தாம் போகக்கூடிய கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்ததை என்னிடம் சொன்னபோது, நான் அதுவரை பார்த்து எழுதிய கட்டடக் குறிப்புகள் எவ்வளவு குறையானவை என்று உணர்ந்தேன். மேற்கத்திய இருக்கை, அதன் பக்கத்துச் சுவரில் பிடிமானக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, நாற்காலி திரும்பும் இடம் ஆகிய நான்கும் வேண்டும். அந்தக் கழிப்பறையைப் பூட்டி, துடைப்பமும் பினாயில் கேனும் போட்டு வைக்காமல் இருப்பது ஐந்தாவது.

பார்வையற்றவருக்குச் சாய்தளத்தால் பெரிய பயனில்லை. அவருக்கு நடைபாதையில் காலும் கோலும் பட்டால் வழி தெரியும்படி மேடு வைத்த உணர்தடக் கற்களும், நடுவழியில் பெயர்ப்பலகையோ பைக்கோ நிற்காத பாதையும், மின்தூக்கியில் பிரெய்ல் எண்களும் வேண்டும். காது கேளாதவருக்கு, வங்கியில் கூப்பிடும் எண் திரையிலும் தெரிய வேண்டும். ஆகவே ஒரு கட்டடத்தைப் பார்வையிடப் போகும்போது சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர் என்று மூவராவது சேர்ந்து போங்கள். வாசலிலிருந்து மேசைவரைக்கும், மேசையிலிருந்து கழிப்பறைவரைக்கும் அவர்களே போய்ப் பார்க்கட்டும். நீங்கள் அளவுநாடாவைப் பிடித்து, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இதில் உறுதியாக இருக்கிறது. அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத் திட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது, கட்டி முடித்த சான்றும் தரக் கூடாது என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45-ஆம் பிரிவு. அந்தக் கெடு கடந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயமான தரங்களை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. புதிதாக எழும் ஊராட்சிக் கட்டடமோ வகுப்பறையோ, வரைபட நிலையில் இருக்கும்போதே போய்ப் பேசுங்கள். கட்டிய பிறகு இடித்துத் திருத்த யாருக்கும் மனம் வராது.

பள்ளிக்கூடம்

அருகிலுள்ள பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது குழந்தையின் உரிமை. 40 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. "எங்களிடம் வசதி இல்லை, சிறப்புப் பள்ளியில் சேருங்கள்" என்று ஒரு பள்ளி சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்; பேச்சு அங்கிருந்து வேறு திசையில் போகும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சனவரியில் ஓடுவதைவிட, பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே தலைமையாசிரியரிடம் கோப்பைக் கொடுத்துவிடுங்கள். படிப்பில் ஆர்வமுள்ள இளைஞர்களை மதுரையில் 2023 சூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

வேலை

அரசு வேலையில் 4 விழுக்காடு இட ஒதுக்கீடு. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். ஆனால் நம் பகுதியில் பெரும்பாலான வேலைகள் ஜவுளிக்கடையிலும், அச்சகத்திலும், பலகாரக் கடையிலும், தையல் கூடத்திலும்தான் இருக்கின்றன. அந்த முதலாளிகளிடம் சட்டப் பிரிவைச் சொல்லித் தொடங்க வேண்டாம். அவர்களுக்குப் புரியும் ஓர் எடுத்துக்காட்டு மதுரையிலேயே உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதத்தால் கைவிரல்கள் வளைந்துபோனவர்; இராணுவ மருத்துவப் பணியிலிருந்து 1948-இல் அதனாலேயே வெளியே வர வேண்டியிருந்தது. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற தம் விருப்பத்தையும் விட்டு, கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களுக்கு அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ஓய்வுபெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அந்த விரல்களைப் பார்த்து, இவரால் முடியாது என்று யாராவது அன்று முடிவுகட்டியிருந்தால்?

அதற்குப் பிறகு முதலாளியிடம் குறிப்பான ஒன்றைக் கேளுங்கள். காது கேளாத பெண் பில் போடும் இடத்தில் உட்காரட்டும். வாடிக்கையாளர் எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு வைக்கலாம். கால் ஊன்ற முடியாதவருக்கு நின்று செய்யும் வேலைக்கு உயரமான நாற்காலி போடலாம். மாத்திரை எடுத்துக்கொள்பவருக்குக் காலையில் ஒரு மணி நேரம் தள்ளி வரச் சொல்லலாம். செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது. சம்பளத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதே வேலைக்கு அதே கூலி.

மனு எழுதுவதும் பின்தொடர்வதும்

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்க வேண்டும். சாய்தளமும் ஓய்வூதியமும் பட்டாவும் ஒரே தாளில் இருந்தால், அது மூன்று துறைகளுக்கும் போய் மூன்றிலும் நின்றுவிடும். யார், எங்கே, எது தடை, எந்தப் பிரிவின்படி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இடத்தின் புகைப்படமும் அளவும் இணையுங்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நேரில் போக முடியாதவர் 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரி உதவி மையத்தை அழைக்கலாம். ஒரு மாதத்தில் அசைவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், அந்த மனுவின்மீது எந்த நாளில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கோபமாக எழுதிய பத்து மனுக்களைவிட, அமைதியாகக் கேட்ட இந்த ஒரு கேள்வி கோப்பை நகர்த்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. கூட்டம் நடக்கும் இடம் ஏறிப்போகக் கூடியதா என்று முந்தின வாரமே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மரத்தடிக்கோ பள்ளி மைதானத்துக்கோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கோரிக்கை தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியதா என்று கையெழுத்திடும் முன் வாசித்துப் பாருங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர், யாருடைய சொல்லுக்கும் தலையாட்டுபவராக இல்லாமல், இந்த வேலையை அறிந்தவராக இருக்க வேண்டுமானால், இப்போதே கிராம சபையில் பேசிப் பழகியவர்கள் உங்கள் குழுவில் இருக்க வேண்டும்.

இவை எதுவும் நடக்காதபோது, உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களோடு விசாரிக்கக்கூடிய, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். நீதிமன்றம் போக வேண்டி வந்தால், மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை மதுரையிலேயே இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

சொல்லும் சூழலும்

நொண்டி, செவிடு, ஊமை, லூசு என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது நம் ஊர்களில் பாசத்தின் பேரிலும் நடக்கிறது. பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காவல் நிலையத்துக்குப் போகும் முன், அந்த மனிதரின் பெயரைச் சொல்லி நீங்கள் கூப்பிடத் தொடங்குங்கள். டீக்கடையில் உங்கள் குழுவினர் நால்வர் அப்படியே கூப்பிட்டால், பட்டப்பெயர் மெல்ல மறையும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அழைப்பிதழ் கொடுக்கும்போது அவரிடம் தனியாக ஒன்று கொடுங்கள். குலசாமி கும்பிடப் போகும் வண்டியில் அவருக்கு இடம் ஒதுக்குங்கள். வீட்டுக் காவலுக்கு அவரை விட்டுச் செல்லாதீர்கள். சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிச் செல்வதானால், கூட்டம் நெருக்கும் ஆற்றங்கரையில் எங்கே நிற்பது என்று காவல்துறையிடம் முன்பே கேட்டுவைப்பது நல்லது.

மனநலப் பாதிப்பு உள்ளவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் மாண்டார்கள். கட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. உங்கள் கணக்கெடுப்பில் ஒரு வீட்டின் பின்கட்டில் அப்படி ஒருவரைக் கண்டால், அந்தக் குடும்பத்தைக் குற்றவாளியாக்கிப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். களைத்துப்போன குடும்பங்கள் அவை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள் தினமும் ஒருவர் போய்ப் பாருங்கள். ஆனால் அடியோ பாலியல் துன்புறுத்தலோ நடப்பதாகத் தெரிந்தால் தயங்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம். கோட்டாட்சியர் அலுவலகமே போதும். குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்தால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

தேர்தல் வரும்போது, 40 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்புள்ளவர் 12-டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளிக்கலாம். அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். வாக்குச்சாவடிக்கே போக விரும்புகிறவரை, வீட்டிலேயே போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஊரோடு வரிசையில் நிற்கும் விருப்பம் அவருக்கும் இருக்கும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. அதிகாரிகள் மாறிக்கொண்டேயிருப்பார்கள். நல்ல அலுவலர் ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டு இடமாறிப் போனால், புதிதாக வருபவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. ஆகவே குழுவின் நோட்டில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மனு கொடுத்த நாள், ஒப்புகை எண், பேசிய அலுவலரின் பதவி, அவர் சொன்ன பதில், அடுத்து போக வேண்டிய நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அந்தப் பக்கங்களின் நகலோடு, குழுவின் தலைவர் தாமே போய் அவரைப் பார்க்கட்டும். அவர் அறை மாடியில் இருந்தால், கீழே இறங்கி வந்து பார்க்கும்படி சொல்லியனுப்புங்கள். தலைவரை யாரும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம்.